விவாதம்: பழைய கைப்பேசி, உடைந்த தராசு, கழித்துப்போட்ட கைப்பட்டை – வீட்டில் உடல்நலத்தைக் கவனிக்க இவற்றை எதுவரை நம்பலாம்?

தோட்டத்துப்பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு கித்தாவும் (ரப்பர்) இப்போது செம்பனையுமாக இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து நகரத்துத் தாமானுக்குக் (குடியிருப்புப் பகுதிக்கு) குடிமாறி வந்த குடும்பம் எங்களுடையது. தாயாருக்கு இனிப்புநீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும் உண்டு. தந்தையாருக்கு இதயம் பலவீனமாகி, அவ்வப்போது காலில் நீர் கோத்துக்கொள்கிறது. இருவரும் அரசாங்க கிளினிக்கில்தான் பார்க்கிறார்கள். ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரும் மருந்தும் கிடைப்பதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வீட்டில் என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்டால், "பரவாயில்லை, டாக்டர்" என்பதற்கு மேல் இருவராலும் எதுவும் சொல்ல முடிவதில்லை. நான் ஈப்போவிலும் தங்கை சிங்கப்பூரிலும் வேலை செய்கிறோம்.

வீட்டு அலமாரியைத் திறந்தால் பழைய கைப்பேசிகள் நிறைய இருக்கின்றன. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது ஒதுக்கப்பட்டவை சில, திரையில் கீறல் விழுந்ததால் மாற்றப்பட்டவை சில. இவற்றோடு ஓர் உடற்பயிற்சிக் கைப்பட்டையும், மேற்கண்ணாடி உடைந்த மின்னெடைத் தராசும், பெரியப்பா வீட்டிலிருந்து வந்த இரத்த அழுத்தக் கருவியும் கிடக்கின்றன. இவற்றைக் குப்பையில் போடாமல் பெற்றோரின் உடல்நிலையைக் கவனிக்கப் பயன்படுத்த முடியுமா? கேமராவின் மேல் விரலை வைத்தால் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உயிர்வாயு (ஆக்சிஜன்), சர்க்கரை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று சில செயலிகள் விளம்பரம் செய்கின்றன. இவற்றில் எதை நம்புவது, எதைத் தொடவே கூடாது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்பட்டறை எழுதியது:

தம்பி, கடைவீதியில் கைப்பேசியும் மின்சாதனமும் பழுதுபார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் கருவியின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நோயின் பக்கத்தை இங்குள்ள மிஸ்ஸி (செவிலியர்) அம்மாதான் சொல்ல வேண்டும்.

முதலில் நாடித்துடிப்பை எடுத்துக்கொள்வோம். கேமராவையும் அதன் பக்கத்திலுள்ள விளக்கையும் ஒரே விரல்நுனியால் மூடினால் திரை முழுவதும் சிவப்பாகத் தெரியும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரல்நுனிக்கு இரத்தம் சற்றுக் கூடுதலாக வருகிறது. அந்த இரத்தம் ஒளியை உறிஞ்சுவதால், நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்தச் சிவப்பு மங்கி, மறுபடியும் தெளிகிறது. கேமரா வினாடிக்கு முப்பது படம் எடுப்பதால் செயலி அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிவிடுகிறது. ஆகவே, உடம்பை அசைக்காமல், விரலை அழுத்தாமல், குளிர்ந்த கையைச் சூடாக்கிக்கொண்டு வைத்தால், பத்தாண்டு பழமையான கைப்பேசியும் துடிப்பைச் சரியாகவே எண்ணும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணிக்கொள்ளலாம். துடிப்பு ஒழுங்கு தவறி வருகிறவர்களுக்கு மட்டும் இந்த எண்ணை நம்பக் கூடாது.

உயிர்வாயு அளவு வேறு கதை. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ ஆவோயாகி 1974இல் முன்வைத்த முறைதான் இன்றும் விரலில் மாட்டும் கருவிகளுக்கு அடிப்படை. உயிர்வாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் விழுக்காடு கணக்கிடப்படுகிறது. சாதாரணக் கைப்பேசியில் இருப்பதோ வெள்ளை விளக்கு. அதன் கேமராவுக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியும் உண்டு. 2014இல் வந்த கேலக்ஸி நோட் 4 போன்ற சில கைப்பேசிகளின் முதுகில் அதற்கென்றே உணரி (சென்சார்) வைத்திருந்தார்கள். அது இல்லாத கைப்பேசியில் செயலி காட்டும் உயிர்வாயு எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

தனிக் கருவியை வாங்கினாலும் நம் நிறத்தவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், விரல் கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய வேளையில் தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 விழுக்காட்டினருக்கு, கறுப்பினத்தவரிலோ 11.7 விழுக்காட்டினருக்கு. தோல் கறுத்திருந்தால் கருவி நிலைமையை நல்லதாகக் காட்டும் பக்கமே சாய்கிறது. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், விரலில் 95 தெரிகிறது என்பதற்காக அவரை வீட்டில் உட்காரவைக்காதீர்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை விவாதிக்கவே ஒன்றுமில்லை. தோலைக் குத்தாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய எதற்கும் அது அனுமதி வழங்கியிருக்கவில்லை.

என் பட்டறையில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். பழைய பொருளிலிருந்து வரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க நம் கைக்கெட்டும் தூரத்தில் நம்பகமான இன்னோர் அளவு இருந்தால், அதை அளக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பொருளை எழுதிவைக்கவும் நினைவூட்டவும் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி எழுதியது:

மின்பட்டறைத் தம்பி சொன்ன விதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இரத்த அழுத்தத்தில் அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2014 நடுவிலிருந்து ஓராண்டுக்கு மேல் "இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்" என்றொரு செயலி அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது. கைப்பேசியை நெஞ்சில் வைத்து, கேமராவில் விரலை வைத்தால் போதும், பட்டை கட்ட வேண்டியதில்லை என்றார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, உண்மையில் அழுத்தம் உயர்ந்திருந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு அருகில் அது "இயல்பு" என்றே காட்டியது. தலைசுற்றலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கையிலுள்ள பொருள் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால், அவர் அன்றைய மாத்திரையை விட்டுவிடுவார். பக்கவாதம் வந்தவர்களைத் தூக்கிப் படுக்கவைத்த கைகள் என்னுடையவை. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே தம்பி, பழையவற்றைக் கொண்டு மிச்சப்படுத்தும் பணத்தில் முறையாகச் சரிபார்க்கப்பட்ட, மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். எந்தெந்தக் கருவி சோதனையில் தேறியது என்ற பட்டியலை "ஸ்டிரைட் பிபி" என்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. சமையற்கட்டிலிருந்து எழுந்து வந்த கையோடு, தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டே, பேரப்பிள்ளையோடு பேசிக்கொண்டே அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். மேசைமேல் தலையணை வைத்தாவது கையை இதயத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஏழு நாள் எடுங்கள். முதல் நாளை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர்வுதான். கிளினிக்கில் பார்க்கும் 140/90 என்ற கணக்கை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

உங்கள் பழைய கைப்பேசிக்கு வேலை இங்கே வருகிறது. ஐந்து நிமிட மணியை அடிக்கட்டும். கருவியின் திரையைப் படம் பிடிக்கட்டும். அந்தப் படத்தில் தேதியும் நேரமும் தாமே பதிந்திருக்கும். பெரியவர்கள் குறிப்பேட்டில் எழுதும்போது 158 என்பது 138 ஆகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் திட்டு வாங்கக் கூடாது என்று நல்ல எண்களை மட்டும் எழுதுகிறவர்களும் உண்டு.

கடைசிலயம் எழுதியது:

எல்லாம் நல்லெண்ணத்தோடு எழுதப்படுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு கேள்வியை முன்வைக்காமல் இருக்க முடியவில்லை. பிறர் கழித்துப்போட்டதை வைத்துச் சமாளித்துக்கொள் என்று தோட்டத்து மக்களுக்கு இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லப் போகிறோம்?

எங்கள் தோட்டத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருந்தார். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவர் யார் என்று கங்காணி பார்ப்பதற்குள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தோட்டத் தொழிலாளியின் குடியிருப்புக்கும் மருத்துவ வசதிக்கும் நிர்வாகம்தான் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் (வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டு, நகரத்தின் ஓரத்தில் மலிவு வீட்டில் குடியேறியவருக்கு அந்தப் பொறுப்பை ஏற்க எந்த நிர்வாகமும் இல்லை. டிரஸ்ஸர் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது யார் பார்க்கிறார்கள்?

நோயின் சுமையோ சிறிதல்ல. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. நீரிழிவு இனவாரியாக இந்தியர்களிடம்தான் மிகுதி. இந்த நிலையில் நமக்கு வேண்டியது மருத்துவ உதவியாளரும், நடமாடும் கிளினிக்கும், கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் பார்க்கும் ஏற்பாடும். உடைந்த கைப்பேசியை ஒட்டவைக்கும் திறமையை நாம் பெருமையாகக் காட்டத் தொடங்கினால், "அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்" என்று மேலிடம் கையைக் கழுவிவிடும் என்பதே என் அச்சம்.

தோட்டத்துப்பேரன் எழுதியது:

அண்ணன் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. நடமாடும் கிளினிக் வேண்டும் என்று நாம் சேர்ந்து மனுக் கொடுத்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். ஆனால் அது வரும்வரை என் தந்தையாரின் கால் காத்திருக்காது. அதோடு, ஒரு குடும்பம் மூன்று மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரின் முன் உட்காரும்போது, பத்து நிமிடச் சந்திப்பு வேறுவிதமாகப் போகும் என்று நம்புகிறேன்.

பொறியியல்மாணவி எழுதியது:

அண்ணா, உங்கள் கண்ணாடி உடைந்த தராசைத் தூக்கி எறியாதீர்கள். இந்தப் பட்டியலிலேயே அதிகப் பயன் தரக்கூடியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரும்பாலான வீட்டுத் தராசுகளில் நான்கு மூலைக் கால்களுக்குள்ளும் தபால்தலை அளவிலான இரும்புத் தகடு ஒன்று இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று மெல்லிய கம்பிகள் புறப்படும். அந்தத் தகடு எடையில் மிக நுண்ணிய அளவு வளையும்போது, அதில் ஒட்டப்பட்ட உணரியின் மின்தடை மாறுகிறது. நான்கையும் சேர்த்து, சிறு மின்தடை மாற்றத்தையும் காட்டும் வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்றாக இணைத்து, அதை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 என்ற சிறு சில்லின் வழியாக இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகைக்குக் கொடுத்தால், அது வைஃபை மூலம் பழைய கைப்பேசிக்கு எடையை அனுப்பும். நிறங்களின் வரிசை தராசுக்குத் தராசு மாறலாம் என்பதால் மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகக் கனமான ஒட்டுப்பலகை போதும். ஆனால் நான்கு கால்களும் தட்டையாக உட்கார வேண்டும். மொசைக் தரையில் ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தால் எண் ஒவ்வொரு முறையும் மாறும்.

மின்பட்டறை ஐயாவின் விதி இதற்கு அழகாகப் பொருந்துகிறது. பத்துக் கிலோ அரிசி மூட்டையை மளிகைக் கடையின் முத்திரையிட்ட தராசில் ஒருமுறை நிறுத்து, அதே மூட்டையை வீட்டில் ஏற்றிப் பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும். மூட்டையை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி, மனித எடைக்கு அருகில் வரும்வரை சோதிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். சில்லும் பலகையும் வாங்கும் செலவுக்கு மலிவான புதுத் தராசே ஒன்று வந்துவிடலாம். எடையை மட்டும் பார்க்க வேண்டுமானால் புதியதை வாங்குவதே அறிவு. ஒவ்வொரு நாளின் எடையும் ஈப்போவிலிருக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும், யாரும் எழுத வேண்டியதில்லை என்றால்தான் இந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

இன்னொன்று, தாயார் இன்சுலின் போடுகிறாரா? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அது பயன்படாது. பழைய குளிர்ப்பெட்டியில் பின்சுவரை ஒட்டி வைத்த மருந்து உறைந்துபோவதும், மின்வெட்டு நாளில் சூடேறுவதும் யாருக்கும் தெரியாமலே நடக்கின்றன. டிஎஸ்18பி20 என்ற நீர்புகா வெப்பநிலை உணரி அரைப் பாகைத் துல்லியம் கொண்டது. காய்ச்சல் பார்க்க அந்தத் துல்லியம் போதாது, அதற்கு மருந்துக்கடைத் தெர்மாமீட்டரே சரி. குளிர்ப்பெட்டிக்கு அது தாராளமாகப் போதும். பனிக்கட்டியை நொறுக்கி, சிறிது நீர் விட்டுக் கலக்கி, உணரியை நடுவில் வைத்தால் பூஜ்யத்துக்கு அருகில் காட்ட வேண்டும். அதுவே அதற்கான ஒப்பீடு.

கைப்பட்டையைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் செயலியைக் கைவிட்டிருந்தாலும் "கேட்ஜெட்பிரிட்ஜ்" என்ற திறமூலச் செயலி பல பழைய பட்டைகளோடு பேசும். தரவு எதுவும் வெளியே போகாமல் கைப்பேசியிலேயே இருக்கும். நடையையும் உறக்கத்தையும் ஓரளவு பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசிலயம் ஐயாவுக்கு ஒரு சொல். கழித்துப்போட்டது என்பதாலேயே ஒரு கருவி தாழ்ந்ததாகிவிடாது என்று நினைக்கிறேன். சாம்சுங் நிறுவனமும் யோன்சே பல்கலைக்கழக மருத்துவத் துறையும் சேர்ந்து, பழைய கேலக்ஸி கைப்பேசிகளில் வில்லை பொருத்தி விழித்திரையைப் படமெடுக்கும் "ஐலைக்" கருவியை உருவாக்கின. வியட்நாமில் தொடங்கி, 2021இல் இந்தியா, மொரோக்கோ, பாப்புவா நியூகினி வரை அது சென்றது. நீரிழிவால் விழித்திரை கெடுவதைக் காண அது உதவுகிறது. அங்கே பழைய கைப்பேசியின் பின்னால் கண் மருத்துவர்களும், பயிற்சி பெற்ற பணியாளர்களும், மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் நிற்கிறார்கள். ஐயா கேட்பதும் அந்த ஏற்பாட்டைத்தான் என்று புரிந்துகொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி எழுதியது:

மகளே, மிகச் சரியான இடத்தைத் தொட்டாய். இதயம் பலவீனமானவர்களுக்கு எடைதான் முதலில் பேசும். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே நீர் உடம்பில் சேரத் தொடங்கிவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சாப்பாட்டால் வந்த சதையல்ல. உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, உணவுக்கு முன், ஏறக்குறைய ஒரே அளவு உடையோடு நிறுக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரையை வீட்டிலேயே கூட்டிக் குறைப்பது மட்டும் கூடாது, மருத்துவர் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தாலொழிய.

தாயாரின் பாதத்துக்கும் பழைய கைப்பேசியைப் பயன்படுத்தலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு உணர்ச்சி மரத்துப் போவதால் செருப்புக் கடித்த புண் தெரியாது. முதுமையில் குனிந்து உள்ளங்காலைப் பார்க்கவும் முடியாது. வாரம் ஒருமுறை இரண்டு உள்ளங்கால்களையும், விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வரிசையாக வைத்தால், சிவந்த இடம் பெரிதாகிறதா என்பது மகனுக்குத் தெரியும். புண் இருந்தால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். செவிலியராக நாங்கள் எழுதும் "முன்பைவிடப் பரவாயில்லை" என்ற குறிப்பைவிட அந்தப் படம் பயனுள்ளது.

ஆலயப்பணி எழுதியது:

எங்கள் ஆலய இளைஞர் பகுதியில் பழைய கைப்பேசிகளைச் சேகரித்து, இத்தகைய தராசும் செயலியும் அமைத்து, தனியாக வாழும் முதியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அன்பர்கள் வழிகாட்ட வேண்டும்.

மின்பட்டறை எழுதியது:

நோக்கம் உயர்ந்தது. ஆனால் சொந்த வீட்டில் தந்தைக்குச் செய்வதும், நூறு வீட்டுக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. நோயைக் கண்டறியவோ கண்காணிக்கவோ என்று சொல்லி ஒரு கருவியைப் பிறருக்கு வழங்கினால், 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம் குறுக்கே வரும். பதிவில்லாத மருத்துவக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவர அது இடம் கொடுப்பதில்லை. இலவசம் என்பதால் அந்தக் கேள்வி எழாது என்று நீங்களே முடிவுசெய்யாமல், மருத்துவக் கருவி ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். அதற்கிடையில் எந்தத் தடையுமின்றிச் செய்யக்கூடியது, மருந்து நேரத்தை நினைவூட்டவும், கிளினிக் தேதியை வைத்துக்கொள்ளவும், மகனோடு முகம் பார்த்துப் பேசவும் கைப்பேசியைத் தயார்செய்து கொடுப்பது. எழுத்தைப் பெரிதாக்கி, தேவையற்றதையெல்லாம் நீக்கி, முதல் திரையில் நான்கு படங்களை மட்டும் வைத்தால், எழுபது வயதுப் பாட்டியும் பயன்படுத்துவார்.

கொடுக்கும் முன் மூன்று காரியத்தை விடக் கூடாது. பழைய உரிமையாளரின் கணக்கை நீக்கி, கைப்பேசியை முழுமையாக அழித்து, புதிதுபோல் தொடங்க வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியில் வங்கிச் செயலியைப் போடவே கூடாது. போட்டால் அந்த முதியவரின் சேமிப்பு ஆபத்தில் இருக்கும். மூன்றாவது பேட்டரி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உயிர்ச்சேதம் இங்கிருந்துதான் வரும்.

மேசையில் கைப்பேசியை மல்லாக்க வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம்போல் சுழன்றால் முதுகு உப்பியிருக்கிறது என்று பொருள். திரையின் ஓரம் சட்டகத்தைவிட்டு மயிரிழை அளவு எழும்பியிருந்தாலும் அதே சந்தேகம்தான். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, அழுத்தி உள்ளே தள்ளவோ, மறுபடி சார்ஜ் செய்யவோ கூடாது, அது தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில், தகரக் கூரையின் கீழே, இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் செருகி வைப்பதே பேட்டரியைக் கெடுக்கும் முதல் காரணம். மலிவான நேரக்கட்டுப்பாட்டுச் செருகி ஒன்றை வைத்து, நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏறும்படி செய்யுங்கள். தலையணைக்கு அடியிலோ சாமி மேடையின் திரைச்சீலைக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டாம். பழைய மடிக்கணினிப் பேட்டரியைப் பிரித்து, உள்ளிருக்கும் உருளைகளை எடுத்துப் பயன்படுத்தும் காணொளிகள் இருக்கின்றன. அனுபவமில்லாத பிள்ளைகள் அதில் கைவைக்கக் கூடாது.

மிச்சப்படுவதை "சூராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று கூவி வரும் பழைய பொருள் லாரியில் ஏற்றிவிடாதீர்கள். நம் நாட்டில் மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டின் விதிகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாகும்; சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்துக்கே அது போய்ச் சேர வேண்டும். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. செம்புக்காகக் கம்பியைக் கொளுத்தும் புகையைச் சுவாசிப்பவர்களும் நம் பிள்ளைகள்தான்.

கடைசிலயம் எழுதியது:

இங்கே எழுதியவற்றை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். என் அச்சம் நீங்கவில்லை. ஆயினும் ஒரு வேண்டுகோளோடு உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆலய இளைஞர்கள் இந்தக் காரியத்தைத் தொடங்கினால், எத்தனை முதியவர்கள் கிளினிக் தேதியைப் பேருந்து வசதியின்றித் தவறவிட்டார்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டை (ஸ்டிரிப்) வாங்கப் பணமில்லை என்பதையும் பெயர் குறிப்பிடாமல் எழுதிவையுங்கள். சர்க்கரைக் கருவியைச் சில இடங்களில் இலவசமாகவே தருகிறார்கள். மாதாமாதம் செலவு வைப்பது பட்டைதான், அதைப் பழைய பொருளிலிருந்து யாராலும் செய்ய முடியாது. மிஸ்ஸி சொன்ன அழுத்தக் கணக்கோடு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுப்போம். மனு எழுதும் வேலை என்னுடையது.

இன்னொரு வேண்டுகோள். முதியவரின் காலைப் படமெடுப்பதற்கும், அந்தப் படம் யார் யாருக்குப் போகும் என்பதற்கும் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர் பார்க்க ஒருவருடைய புண்ணை அனுப்புவது அவரைக் கூசச் செய்யும்.

தோட்டத்துப்பேரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தராசைப் பிரித்து வேலை செய்ய மின்பட்டறை ஐயாவின் கடைக்கே வருகிறேன். குளிர்ப்பெட்டி உணரியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாயார் இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறார். விரலால் அளக்கும் செயலிகள் அனைத்தையும் நீக்கிவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: பெரியப்பாவின் இரத்த அழுத்தக் கருவி மேற்கையில் கட்டும் வகைதான், காற்றும் நன்றாக ஏறுகிறது, அதன் பெயர் ஸ்டிரைட் பிபி பட்டியலிலும் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா, அல்லது கட்டாயம் புதிது வாங்க வேண்டுமா? தாயாருக்குக் கை சற்றுப் பருமன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி எழுதியது:

தம்பி, பட்டியலில் இருந்தால் கருவியை எறிய வேண்டாம். முதலில் பட்டையைப் பாருங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவால் தாயாரின் கைச்சுற்றை அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். கை அதற்கு மேல் இருந்தால் அந்தப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாக வந்தது. அந்தப் பிழையை நம்பி மருந்தைக் கூட்டினால் தாயார் காலையில் எழும்போது மயங்கி விழுவார்.

கருவிக்கேற்ற பெரிய பட்டையை அதே தயாரிப்பாளரிடம் தனியாக வாங்கலாம். ஒட்டும் நாடா பிடி தளர்ந்திருந்தாலும், ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு அடுத்த கிளினிக் தேதியில் கருவியைக் கையோடு கொண்டுபோய், "மிஸ்ஸி, உங்கள் கருவியிலும் இதிலும் ஒரே கையில் மாற்றி மாற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டும் ஐந்து எண்ணுக்குள் நெருங்கி வந்தால் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் விலகினால் பெரியப்பாவின் கருவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குங்கள். ஆண்டுக்கொருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.